பொட்டுக்கு அடியில் இருபத்தாறு நாள்

பதினேழு வருடமாக நான் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லி வந்தேன் என்பது ஒரு வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு எனக்குத் தெரிந்தது. தப்பு பிடிபட்டவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். நான் மில் வாசலிலிருந்து டைம் ஆபீசுக்கு ஏறக்குறைய ஓடினேன். வாட்ச்மேன், “எங்கியாச்சும் தீப்புடிச்சிருச்சுங்களா சார்?” என்று பின்னாலேயே வந்தார். “இல்லைங்க, ஒரு வரி கெடச்சிருக்குது” என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நேரங்களெல்லாம் என் டைரியிலிருந்து எடுத்தவை.

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இண்டூரில் வீடு. அங்கிருந்து மொபெட்டில் பதினெட்டு நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு மீதி என்பதெல்லாம் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் லீவுக் கணக்குக்கு மட்டும் நீளப் பதிவேடு ஒன்றை நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு லீவு சேரும். எடுக்காத லீவு அடுத்த வருடத்துக்குப் போகும். இந்தக் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு அம்மா வந்தார். வத்தல்மலைக்காரர். வைண்டிங் பிரிவில், அதாவது நூலைக் கோனில் சுற்றும் பிரிவில், எட்டு வருடம் வேலை பார்த்தவர். மாசியில் அவருடைய வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இவர் சம்பளமில்லாத லீவில் இருந்தார். மாதம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து லீவு நீட்டிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஐப்பசி முடியப் போகிறது, ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

“ண்ணா, எம் பேரை எடுத்துருங்க. நின்னுக்கறேன்” என்றார்.

“என்னம்மா திடீர்னு? வூட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்குது?”

“கோல் ஊனி நடக்கறாருங்க. இன்னும் ஒரு மாசம் தனியா வுடக்கூடாதுன்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க.”

“அப்ப இன்னும் ஒரு மாசம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“இல்லைங்கண்ணா. ஒம்பது தடவை எழுதிக் குடுத்தாச்சு. எனக்கே அசிங்கமா இருக்குது. போன மாசம் மேனேஜர் கையெழுத்துப் போடறப்ப என்னைய பாக்கவே இல்ல.”

ராஜினாமாக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். போகிற நேரத்தில் கேட்டார்: “எனக்கு லீவுப் பணம் ஏதாச்சும் வருமாண்ணா?”

பதிவேட்டைத் திருப்பினேன். போன டிசம்பர் முடிய அவர் பெயரில் இருபத்தாறு நாள் லீவு மீதி நின்றது. மில் கணக்கில் இருபத்தாறு நாள் என்றால் ஒரு மாதச் சம்பளம்.

“இருந்துச்சும்மா. நீள லீவு போயிட்டீங்கல்ல, அதுல கழிஞ்சிருச்சு” என்றேன்.

“செரிங்கண்ணா” என்றார். அவ்வளவுதான். கணக்குத் தீர்ந்தது என்ற படிவத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அவர் கிளம்பினார். டைரியில் ‘வைண்டிங் ஒன்று குறைந்தது, மழை இல்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது அது. மூன்று மாதத்துக்கு மேல் லீவு போனவருக்குப் பழைய லீவு செத்துவிடும், கோடு போட்டு மூடிவிடு என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ. மில்லில் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். தொழிலாளிகளே ஒருவருக்கொருவர், “நீள லீவு போவாத, சேத்து வெச்சதும் போயிரும்” என்று சொல்லிக்கொள்வார்கள். இத்தனை பேர் சொல்வதை எங்கே எழுதியிருக்கிறது என்று தேட எனக்குத் தோன்றவில்லை.

எழுதியிருந்த இடம் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

மில் வாசலில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு தகரப் பலகை உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம் தமிழில், நீலத்தில் வெள்ளை எழுத்தாக இருக்கும். எல்லா மில்லிலும் மாட்டியிருப்பார்கள். யாரும் படித்து நான் பார்த்ததில்லை. நானும் தலைப்பைத் தாண்டியதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருநாள் அந்தப் பலகையை நான் தொடுவேன். ஆயுத பூஜை அன்று அவரவர் மிஷினுக்கு அவரவர் பொட்டு வைப்பார்கள். டைம் ஆபீஸ் பீரோ, பஞ்ச் மிஷின், வாசலில் இருக்கும் பலகைகள் எல்லாம் என் பங்கு. சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. அடுத்த வருடம் அதன் மேலேயே அடுத்த பொட்டு. தகரப் பலகை உயரம் என்பதால் என் கை கீழ் வரிசைக்குத்தான் எட்டும். அங்கே ஏற்கெனவே இருந்த பழைய பொட்டின் மேலேயே, கோணாமல், அளவெடுத்தாற்போல வைப்பேன். வேறு இடத்தில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது.

அந்த வியாழக்கிழமை பெயிண்டர் ஒருவர் வந்திருந்தார். இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று வாசல் கேட்டுக்கும் பலகைகளுக்கும் புது வண்ணம் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்து மணி சுமாருக்கு அவர் என் ஜன்னலைத் தட்டினார்.

“சார், போர்டுல தோசையாட்டம் ஒண்ணு ஒட்டிக்கினு கெடக்குது. சொரண்டிரட்டுங்களா? அப்புறம் சாமி குத்தம்னு என்னையச் சொல்லக்கூடாது.”

வெளியே போய்ப் பார்த்தேன். நான் வருடா வருடம் பக்தியோடு வளர்த்தது உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துப் போயிருந்தது. பொட்டை அழிக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதன் மேல் பெயிண்ட் அடித்தால் இன்னும் கேவலமாக இருக்கும். “சொரண்டுங்க. முடிஞ்சதும் புதுசா ஒண்ணு வெச்சுக்கலாம்” என்றேன்.

அவர் பட்டைக் கத்தியால் நெம்பினார். பொட்டு மூன்று துண்டாக விழுந்தது. அதன் அடியில் எழுத்து. எண்ணெய் ஊறி, மஞ்சள் கறை பிடித்து, பாதி அழிந்திருந்தது.

“இத நான் திருப்பி எழுதணுமே. என்ன எழுத்துன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குப் படிக்கிறது கொஞ்சம் மட்டம்” என்றார்.

வாட்ச்மேன் நாற்காலியைப் போட்டு ஏறி நின்றேன். கைக்குட்டையில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்தேன். முதலில் ‘விலகினாலும்’ என்ற சொல் வந்தது. அதற்கு முன்னால் ‘வேலையை விட்டு’. நான் சொல்லச் சொல்ல அவர் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார். அடுத்த வரியில் ‘எடுக்காத’ என்று தெரிந்தது. அப்புறம் ஒரு சொல் முழுக்கப் போயிருந்தது. அதைத் தாண்டி ‘ஊதியம்’. போன சொல் என்னவாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். வெயில் சாய்வாக விழுந்தபோது தகரத்தில் தூரிகை போன தடம் தெரிந்தது. ‘விடுப்புக்கு’.

மூன்று வரியையும் சேர்த்துப் படித்தேன். வேலையை விட்டு விலகினாலும், நீக்கினாலும், எடுக்காத விடுப்புக்கு ஊதியம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நீண்ட லீவு போனவருக்கு இல்லை என்று ஒரு சொல்லும் இல்லை. தேடினேன். இரண்டு முறை தேடினேன். இல்லை.

“என்ன சார், லாட்டரி நம்பராட்டம் பாக்கறீங்க?” என்றார் பெயிண்டர்.

அப்போதுதான் ஓடினேன்.

எனக்கு ஏன் அவ்வளவு உற்சாகம் என்று பிறகு யோசித்திருக்கிறேன். வெட்கம் இல்லாமல் இல்லை. அது இரண்டு மணி நேரம் கழித்து நிதானமாக வந்தது. முதலில் வந்தது வேறு. திங்கட்கிழமை அந்த அம்மா ‘செரிங்கண்ணா’ என்று சொன்ன அந்த ஒரு சொல், மூன்று நாளாக என் சட்டைப் பையில் யாரோ போட்ட கல்லைப் போல இருந்திருக்கிறது. எனக்கே அது தெரியவில்லை. இப்போது தெரிந்தது. அதை எடுத்து வெளியே போடவும் ஒரு வழி கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு வரியை நம்பி மேனேஜரிடம் போக முடியாது. பதினொன்று ஐந்துக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

“பொதுவா ஒரு சந்தேகங்க மேடம்.”

“பொதுவாத்தான் எல்லாரும் கேக்கறீங்க. கேளுங்க.”

சொன்னேன். எட்டு வருடம் வேலை, போன வருடம் வரை சேர்ந்த இருபத்தாறு நாள், இந்த வருடம் ஒன்பது மாதம் சம்பளமில்லாத லீவு, இப்போது ராஜினாமா. பழைய லீவு கழிந்துவிடுமா?

“எப்படிங்க கழியும்? இந்த வருஷம் வராதது இந்த வருஷத்து லீவைத்தான் கொறைக்கும். போன வருஷம் வேலை செஞ்சு சேத்தது சேத்ததுதான். நிக்கறப்ப காசாக் குடுத்துரணும். ஒங்க மில்லுல குடுக்கறது இல்லீங்களா?”

“குடுக்கப் போறோம் மேடம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மேனேஜர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். சேலத்துக்காரர், கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் தாளில் கேட்பவர். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“உக்காருங்க சார். இருபத்தாறு நாள் நிக்குதுன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுது. இல்லைன்னு அந்தம்மாகிட்டச் சொன்னது யாரு?”

“நான்தாங்க.”

“கையெழுத்து வாங்கினது?”

“நான்தாங்க.”

“ஹெட் ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது? நீங்களே தப்புன்னு எழுதித் தருவீங்களா?”

“இப்பவே தரேங்க.”

அவர் மேஜையிலேயே தாள் எடுத்து எழுதினேன். நீண்ட லீவில் போனவரின் சேர்ந்த லீவு கழியும் என்று தவறாக நம்பி, தவறாகச் சொல்லி, தவறாகக் கையெழுத்து வாங்கினேன் என்று மூன்று தவறும் ஒரே வாக்கியத்தில் வந்தது. இதே போல இன்னும் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்களின் பெயரைத் தனியாகத் தருகிறேன் என்றும் சேர்த்தேன்.

“சார், கொஞ்சம் சிரிக்காம எழுதுங்க. இது மன்னிப்புக் கடிதம்” என்றார் மேனேஜர்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் கணக்குத் தீர்க்கும் படிவம் மற்ற தாள்களோடு சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஹெட் ஆபீஸ் போகிறது. அதற்குள் இருபத்தாறு நாள் சேர்த்துப் புதுப் படிவத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து வந்துவிட்டால், மேனேஜர் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். பழைய படிவம் போய்விட்டால், முடிந்த கணக்கைத் திறக்க ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும். அங்கே ஸ்டாம்ப் ஒட்டிய கையெழுத்தைக் காட்டி, அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்பார்கள்.

அந்த அம்மாவின் எண்ணுக்கு அன்று பதினோரு முறை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவர் வீட்டுப் பக்கம் டவர் கிடைக்காது என்று வைண்டிங்கில் சொன்னார்கள்.

சாயந்திரம் வீட்டில் புதுப் படிவம் இரண்டு, ஸ்டாம்ப், மை டப்பா, பேனா இரண்டு எல்லாவற்றையும் பையில் அடுக்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப லீவு கெடைக்காதுன்னீங்க. இப்ப சொல்லிவெச்சாப்புல கெடைச்சிருச்சா?”

“இது ஆபீஸ் வேலை.”

“ஆபீஸ் வேலைக்கு எதுக்கு லீவு போடறீங்க?”

நான் மை டப்பாவின் மூடியை இறுக்கினேன். அவளே தொடர்ந்தாள்: “பொண்ணு பாக்க வந்தன்னிக்கிகூட உங்க மூஞ்சி இப்படிப் பிரகாசமா இல்ல. வெத்தலை எண்ணிக்கினு உக்காந்திருந்தீங்க.” அப்புறம் உள்ளே போய், மலையில் குளிரும் என்று என் பழைய ஸ்வெட்டரை எடுத்து வந்து பையின் மேல் வைத்தாள். “எத்தனை பேருக்குங்க இப்படிச் சொல்லியிருக்கீங்க?”

டைரிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் பதினேழு டைரியையும் இறக்கினேன். நீள லீவு போய் வேலையை விட்டவர்கள் அந்த அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற நான்கு பேரில் ஒருவர் பெயரை எழுதாமல் ‘ப்ளோ ரூம் ஆள்’, அதாவது பஞ்சைப் பிரிக்கும் பிரிவின் ஆள், என்று மட்டும் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று இருந்தவன், அதை விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தர்மபுரியில் மலை பஸ்ஸைப் பிடித்தேன். மூட்டைகளும் ஒரு புது டிவி பெட்டியும் ஏறியிருந்தன. எனக்கு ஜன்னலோர இடம். வழக்கமாக நான் வளைவுகளை எண்ணுவேன். அன்று ஏழாவது வளைவோடு எண்ணிக்கை போய்விட்டது. அந்த அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மன்னிப்பா, முதலில் இருபத்தாறா? மேலே போனதும் மேகம் ரோட்டிலேயே கிடந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

பஸ் நின்ற இடத்திலிருந்து இருபது நிமிட நடை. சாமை அறுவடை நேரம். அந்த அம்மா வீட்டு முன்னால் களத்தில் சாமைத் தாளை அடித்துக்கொண்டிருந்தார். ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் அவர் வீட்டுக்காரர் கோலைப் பக்கத்தில் சாத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மாறியது. “என்னங்கண்ணா இவ்ளோ தூரம்? மில்லுல குடுத்த யூனிஃபாரம் கோட்டைத் திருப்பிக் குடுக்கணுமா? தொவச்சு வெச்சிருக்கறேன், இருங்க எடுத்தாரேன்.”

“கோட்டு வேணாம்மா. தப்பாச் சொல்லிட்டேன். இருபத்தாறு நாள் இருக்குது. கழியல. பொட்டுக்கு அடியில இருந்துச்சு” என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வரவில்லை.

அவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“மொதல்ல உக்காருங்கண்ணா. மலை ஏறி வந்ததுல ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சு” என்றார் அந்த அம்மா. ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு, பலகை, பெயிண்டர், போன், மேனேஜர் என்று முதலிலிருந்து சொன்னேன். நான் சொன்னது தப்பு, உங்களுக்குத் தெரியாது என்பதால் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அதற்காக மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். 

அவர் வீட்டுக்காரர் தாடையைச் சொறிந்தார். “அப்ப நான் மரத்துல இருந்து வுழுந்ததுக்கு மில்லுக்காரங்க ஒரு மாசச் சம்பளம் குடுக்கறாங்களா? தெரிஞ்சிருந்தா சின்ன மரமாப் பாத்து ரெண்டு தடவை வுழுந்திருப்பனே.”

“நீ சும்மா இரு. வுழுந்தவன் பேசறானாம்” என்றார் அந்த அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பினார். “இது நீங்க பாத்துக் குடுக்கறதாண்ணா? இல்ல, என்னுதா?”

“உங்களுதும்மா. நீங்க வேலை செஞ்சு சேத்தது. நான் குடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். நாள் இருபத்தாறு என்று நிரப்பி வைத்திருந்தேன். ஸ்டாம்ப்பையும் ஒட்டிவிட்டேன். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சாமை உமியைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

“ண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த இருபத்தாறு நாளு லீவு எங்கிட்ட இருக்குது. அன்னிக்கும் இருந்துச்சு. அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“எனக்கு வேணுங்கிறது இன்னும் ஒரு மாசந்தான். இவரு கோலை வுட்டு நடக்கற வரைக்கும். சம்பளத்தோட லீவு கையில இருக்குறப்ப, நான் எதுக்குங்கண்ணா வேலைய வுட்டு நின்னேன்?”

நான் பதினேழு வருடம் லீவுக் கணக்குப் பார்த்தவன். சந்தனத்துக்கு அடியில் எழுத்தைக் கண்டுபிடித்தவன். லீவு மீதி இருக்கிறது என்பதற்குப் பணம் என்று ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. அந்த வரியில் விலகினால் என்று இருந்ததால், அவர் விலகியதை முடிந்த கதையாக எடுத்துக்கொண்டேன். அவர் முடிந்த கதையையே கேள்வி கேட்டார்.

“மேனேஜர் மூஞ்சில முழிக்கறது அசிங்கம்னு சொன்னீங்களே” என்றேன்.

“அது கெஞ்சற லீவுங்கண்ணா. இது என் லீவு.”

அவர் வீட்டுக்காரர் கோலை எடுத்து ஊன்றி எழுந்து நின்றார். “எட்டு வருசமா மாசச் சம்பளம் வந்த வூடுங்க இது. மொளகு ஒரு வருசம் காய்க்குது, ஒரு வருசம் ஏமாத்துது. அவ நின்னுட்டான்னதும் எனக்குத் தூக்கமே இல்ல. என்னாலதான்னு. எழுதுங்க சார்.”

ராஜினாமாவை மேனேஜர் இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை என்பது எனக்குத் தெரியும். படிவங்கள் எல்லாம் சனிக்கிழமைதான் அவர் மேஜைக்குப் போகும். அதற்குள் அந்த அம்மாவே கடிதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் என் பையில் படிவம் மட்டும்தான் இருந்தது, வெள்ளைத் தாள் இல்லை. அந்த வீட்டில் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கம், அதில் ஒரு யானைப் படம். டைரியைத் திறந்தேன். நான் அதிலிருந்து ஒரு பக்கமும் கிழித்ததில்லை. டிசம்பர் கடைசித் தேதியின் பக்கத்தை ஸ்கேல் இல்லாமல் கையாலேயே கிழித்தேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மேலே ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது, கீழே இருபத்தாறு நாள் சம்பளத்தோடு லீவு கேட்பது. அந்த அம்மா இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

“பணமாக் கேட்டிருந்தா உடனே வந்திருக்கும். இதுக்கு மேனேஜர் ஒத்துக்கணும்” என்று எச்சரித்தேன்.

“ஒத்துக்கலைன்னா அப்ப பணத்தைக் குடுக்கட்டும். ரெண்டுல ஒண்ணு அவங்க குடுத்துத்தான ஆவணும்?” என்றார். என்னைவிடத் தெளிவாக இருந்தார். களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். இறங்கும் பஸ்ஸில் என் மடியில் அரைப்படி மிளகு இருந்தது. வேண்டாம் என்று நான்கு முறை சொன்னேன்.

சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்கே மேனேஜர் அறை வாசலில் நின்றேன். அவர் டைரிப் பக்கத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சார், இருபத்தாறு நாளுக்குக் காசு வாங்கித் தரேன்னு போனீங்க. ஆளையே திருப்பிக் கொண்டாந்திருக்கீங்க.”

“அவங்கதாங்க கேட்டாங்க. எனக்கு இது தோணவே இல்ல.”

“காசாக் குடுத்தா ஒரு கையெழுத்தோட முடிஞ்சிரும். லீவு குடுத்தா, ஒரு மாசம் கழிச்சு அந்தம்மா மறுபடியும் லீவுன்னு வந்து நிக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்லீங்க. ஆனா தீபாவளிக்குப் போனவங்கள்ல வைண்டிங்ல ஒம்பது பேரு இன்னும் வரல. அவங்க எட்டு வருஷத்துல இந்த விபத்துக்கு முன்னாடி சொல்லாம நின்ன நாள் ரெண்டு. ரெண்டும் மலைல ரோடு உடைஞ்ச நாள்” என்று பதிவேட்டைத் திறந்து வைத்தேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என் சிவப்புக் கோட்டையும் பார்த்தார். கடிகாரத்தில் ஒன்பது பத்து. 

“அடுத்த தடவை நோட்டீஸ் போர்டைப் படிச்சுட்டுப் பொட்டு வைங்க” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற நான்கு பேரின் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. இரண்டு பேரின் விண்ணப்பம் இப்போது ஹெட் ஆபீசில் இருக்கிறது, நான் மாதம் இரண்டு முறை நினைவூட்டல் எழுதுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போய்விட்ட ஒருவரின் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் பிடித்தேன். அவர் என்னைத் திட்டினார், பிறகு கையெழுத்துப் போட்டார். ப்ளோ ரூம் ஆள் யார் என்று இன்னும் தெரியவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு என் போன் அடித்தது. வேறு ஏதோ எண். ஒரே காற்றுச் சத்தம்.

“ண்ணா, நான்தான். டவர் கெடைக்கற பாறை மேல நிக்கறேன். என்ன ஆச்சு?”

“கையெழுத்து ஆயிருச்சும்மா! இருபத்தாறு நாளும். திங்கக்கெழமைல இருந்து.”

 அவர் யாரையோ பார்த்து, “ஆயிருச்சாம்!” என்று கத்தினார். கீழே எங்கோ இருந்து ஒரு ஆண் குரல் பதிலுக்குக் கத்தியது. என்னவென்று புரியவில்லை, ஆனால் நானும் டைம் ஆபீசில் தனியாக நின்றுகொண்டு சிரித்தேன்.

“ஞாயித்துக்கெழமைய வுட்டுட்டுத்தான எண்ணறீங்க?” என்றார்.

“ஆமாம்மா. ஞாயிறு சேராது.”

“அப்ப முழுசா ஒரு மாசம். செரி. ண்ணா, மொத பஸ்ஸு அடிவாரத்துக்கு வரவே ஏழரை ஆயிருது. என்னைய ஆறு மணி ஷிப்ட்டுல போட்டுறாதீங்க.”

“ஜெனரல் ஷிப்ட்டுதான்” என்று சொல்லி, அடுத்த மாதத்து ஷிப்ட் தாளை எடுத்து, பென்சிலால் இல்லாமல் பேனாவாலேயே அவர் பெயரை எழுதினேன்.